வரி நாற்பத்தேழு

முருகன்குறிச்சிப் பள்ளிக்கூடத்து மேல்மாடி,
ஞாயிறு சாயங்காலம் ஒத்திகை.
ரைஸ்மில் முதலாளியாக வருகிற பிச்சாண்டி
நிஜத்தில் எல்.ஐ.சி. கிளார்க்.
தராசுக்காரராக வருகிற தாசையா
ஜங்ஷன் பார்சல் ஆபீசில் மூட்டைக்கு நம்பர் போடுகிறவர்.
நான் கடைசி பெஞ்சில்.
ரெக்கார்டர், கட்டம் போட்ட நோட்டு, மூன்று பேனா.

கட்டளைக்குச் சிவப்பு. கேள்விக்கு நீலம்.
கேள்வி மாதிரி இருந்து கேள்வியாக இல்லாததற்குப் பச்சை.
முதல் வாரமே பச்சை தீர்ந்துபோனது.

"கதவ அடச்சிரட்டுமா மொதலாளி?"
இலக்கணப்படி வினா.
கதவு எப்போதோ அடைத்தாயிற்று.
"வீட்ல அவளுக்கு ஒடம்பு சரியில்ல."
இது வெறும் செய்தி,
கேட்பது இருநூறு ரூபாய்.

முதலாளிக்கு முப்பத்தொன்பது ஏவல்,
ஒன்றில்கூட 'கொஞ்சம்' கிடையாது.
(ஒன்றில் இருந்தது.
பிச்சாண்டி கவுன்ட்டர் பழக்கத்தில் சேர்த்துவிட்டார்.
டைரக்டர் சண்முகவடிவு வெட்டிவிட்டாள்.)

இந்தச் சீமையில் ஆளைக் கூப்பிடப் பேர் வேண்டாம்,
வாக்கியத்தின் வால் போதும்.
லே என்றால் நீ கீழே நில்.
அல்லது, நீ என்கூடப் படித்தவன்.
எது என்று தோளைப் பார்த்தால்தான் தெரியும்;
என் நோட்டில் தோளுக்குக் கட்டம் இல்லை.
லா வேறு. "நாளைக்குச் சம்பளம்லா" என்கையில்
உமக்கும் தெரிந்ததுதானே என்று
எதிராளியை இழுத்துத் தன் பெஞ்சில் உட்காரவைக்கும்.
லேக்கும் லாவுக்கும் ஓர் உயிர்தான் வித்தியாசம்.
தாசையா பதினான்கு லா போட்டார்.
முதலாளி ஒன்றுக்கும் அசையவில்லை.

பிறகு அந்த வரி.
கணக்கு முடிக்கிற காட்சி.
இருபத்திரண்டு வருஷத்து எடைக்கற்களை
ஒவ்வொன்றாகத் துணியால் துடைத்து வைக்கிறார்.
"நாளைல இருந்து வராண்டாம்லே."
பிரதியில் இருக்கிற பதில்: "சரிங்க மொதலாளி."
தாசையா நிமிர்ந்தார்.
பார்சலுக்குக் கையெழுத்து வாங்குகிற சாதாரணக் குரலில்
சொன்னார்:
"சரிவே."

யாரோ டீ கிளாஸைக் கீழே வைத்த சத்தம் கேட்டது.

வே என்பது வசவு இல்லை, பணிவும் இல்லை.
மேலப்பாளையம் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடித்து
மாட்டுக்கு விலை பேசுகிற இரண்டு பேர்
ஒருவரை ஒருவர் அழைப்பது.
நீ அல்ல, நீங்க அல்ல, நீரு.

சண்முகவடிவு கத்தினாள்:
"அண்ணாச்சி, எழுதினத மட்டும் பேசுங்க."
என் பக்கம் திரும்பினாள்:
"நீங்க சொல்லுங்க மேடம், இது சரியா?"
"மொழியியல்ல சரி தப்பு கெடையாது" என்றேன்.
கோழைக்கும் அந்த வாக்கியம்தான் உதவும்.
"சரிம்மா, எடுத்திருதேன்" என்றார் தாசையா.

அரங்கேற்றத்தன்று நல்ல மழை.
நூற்றிப்பத்து நாற்காலியில் பாதி ஈரம்.
அந்த இடம் வந்தது.
"சரி" என்றார்.
ங்க வரவில்லை. வே வரவில்லை. மொதலாளியும் வரவில்லை.
ஓர் அசை அளவுக்கு அப்படியே நின்றார்.
மூன்றாவது வரிசையில் நனைந்த வேட்டியோடு ஓர் ஆள்
அந்த அசையைத் தன் வாய்க்குள் சொல்லிக்கொண்டார்.
உதட்டைப் பார்த்தேன்.
பிச்சாண்டிக்கு அடுத்த வசனம் மறந்துபோனது.

இரவு பதிவைப் போட்டுக் கேட்டேன்.
சரி. பிறகு மின்விசிறி. பிறகு யாரோ இருமுகிறார்கள்.
வரி நாற்பத்தேழு:
பேசுபவர், கேட்பவர், வினை எல்லாம் நிரப்பி
விளிச்சொல் கட்டத்தில் ஒரு கோடு போட்டேன்.

நெறியாளர் ஓரத்தில் எழுதியனுப்பினார்:
"தரவு விடுபட்டுள்ளது."
"விடுபடவில்லை சார்" என்று கீழே எழுதினேன்.
சாரை அடித்தேன்.
வாசித்துப் பார்த்தேன்.
அடித்தலுக்கு மேலே, சின்ன எழுத்தில்,
மறுபடி சேர்த்தேன்.